தொண்டியா, கீழக்கரையா? ராமநாதபுரம் கரையில் தங்குவதற்கு ஓர் அமைதியான ஊர்

வெளியூரிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராமேசுவரத்தை நோக்கியே வருகிறார்கள். பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மண்டபத்தோடு நின்றுபோயிருந்த ரயில்கள் மறுபடி தீவுக்குள் செல்லத் தொடங்கிவிட்டதால், அவர்களுடைய பயணம் முன்னைவிட எளிதாகிவிட்டது. அவர்களுக்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை வேறு வகையினருக்காக எழுதப்படுகிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் கையில் இல்லாமல், கடலோரச் சிற்றூர் ஒன்றில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, காலையில் மீன் ஏலத்தையும் மாலையில் கடைத்தெருவையும் பார்த்துக்கொண்டு, மற்ற நேரத்தில் சும்மா இருக்க விரும்புகிறவர்கள் எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே இங்குள்ள கேள்வி.

இந்தக் கரையில் அதற்குத் தகுதியுள்ள ஊர்கள் வடக்கே தொண்டி, தெற்கே கீழக்கரை, கிழக்கே மண்டபம், நடுவில் தேவிபட்டினம், தென்மேற்குக் கோடியில் சாயல்குடியை ஒட்டிய வாலிநோக்கம் என ஐந்து. அமைதி என்றால் ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்று கொள்வோரும் உண்டு. என் கணிப்பில் அமைதி என்பது வருகிறவனை நம்பிப் பிழைக்காத ஊரில்தான் கிடைக்கும். தனக்கென்று ஒரு தொழிலும் ஒரு நாள் நடையும் உள்ள ஊர், வந்தவரைக் கவனிக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அளவுகோலை வைத்தே இந்த ஐந்தையும் ஒப்பிடுகிறேன்.

ஊரைத் தேர்வதற்கு முன் கடலைத் தேர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. வடக்கே தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. ராமேசுவரம் தீவில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் உட்பட்டது. ஆகையால் காற்று அடங்கியிருக்கும் மாதங்களில் அது குளம்போல் கிடக்கும். ஆனால் அந்தப் பெயரை நம்பி எந்த மாதத்திலும் வடகரைக்குப் போய்விடக் கூடாது. வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்று எழும்பினால் கலங்குவது இந்தப் பெண்கடல்தான். அப்போது தென்கரை ஒப்பளவில் ஒதுக்கமாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். மன்னார் வளைகுடா கொந்தளிக்க, பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். எனவே மார்கழி, தை, மாசியில் வருகிறவர் தென்கரையையும், ஆனி, ஆடி, ஆவணியில் வருகிறவர் வடகரையையும் முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது. பயணத் தேதியை மாற்ற முடியாதவர்களுக்கு இந்த ஒன்றே பாதி முடிவைச் செய்து கொடுத்துவிடும்.

சித்திரை, வைகாசியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெயில் ஒரு காரணம். கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது இன்னொரு காரணம். நாட்டுப்படகுகளும் வல்லங்களும் அப்போதும் கடலுக்குப் போகும் என்றாலும், இறங்குதளத்தின் சந்தடியில் பெரும்பகுதி அந்த 61 நாளும் இருக்காது. படகுகள் கரையேற்றப்பட்டு, வலை சீரமைப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும் காலம் அது. அதைப் பார்க்கவென்றே வருகிறவர் வரலாம்.

நாள்காட்டியில் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தேவிபட்டினமும் சேதுக்கரையும் தொண்டிக்கு வடக்கேயுள்ள தீர்த்தாண்டதானமும் நிரம்பி வழியும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி உத்தரகோசமங்கைக்குப் போகும் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்ல முடியும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதில் மகிழ்கிறவர்கள் இந்த நாட்களுக்காகவே வரலாம். அமைதி தேடுகிறவர்கள் அதற்கு ஒரு வாரம் முன்னோ பின்னோ வர வேண்டும்.

ஐந்தில் மூன்றைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். மண்டபம் பார்வைக்கு அழகான ஊர்; இரு கடலும் நெருங்கிவரும் நிலமுனை. 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய மையமும், இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமும், ரயிலடியும், படகுத்துறைகளும் அதற்கென ஒரு வாழ்க்கையைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் தீவுக்குப் போகும் வண்டி ஒவ்வொன்றும் அதன் நடுவே போய்த்தான் ஆக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் இரைச்சல் விடிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. சற்று மேற்கே உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பின் நிழலோடு, குழந்தைகளைத் தண்ணீரில் விடுவதற்கு மாவட்டத்திலேயே ஏற்ற இடங்களில் ஒன்று. எனினும் விடுமுறை நாட்களில் உள்ளூர்க்காரர்களே அதை நிரப்பிவிடுகிறார்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருப்பதால் அந்தப் பகுதியில் படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். பகலில் போய்வரலாம், தங்குவதற்கு வேண்டாம்.

தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை நவபாஷாணம் என்று வணங்குகிறார்கள். ராமர் நவக்கிரகங்களாக நிறுவியவை என்பது நம்பிக்கை. இங்கே காலை நேரம் முழுவதும் பரிகாரத்துக்கு வருகிறவர்களுடையது. பிற்பகலுக்குமேல் ஊர் அடங்கும்போது நடைமேடையில் நின்று பார்த்தால் அதன் அழகு தெரியும். சற்றுத் தெற்கே வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரையும், ரோமானிய மட்பாண்டச் சில்லுகளும் காசுகளும் கிடைத்த அழகன்குளமும் இருக்கின்றன. அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டதால் அழகன்குளத்தில் கண்ணால் காண்பதற்கு அதிகம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய துறைமுகம் ஒன்றின்மேல் நிற்கிறோம் என்பதை அறிந்து நிற்க விரும்புகிறவருக்கு அது போதும். அரை நாள் ஊர் இது.

வாலிநோக்கமும் அதையொட்டிய மாரியூர், மூக்கையூர் கரைகளும் இந்தப் பட்டியலிலேயே தனிமை மிகுந்தவை. அகன்ற மணல், பனங்காடு, அரசு உப்பு நிறுவனத்தின் பரந்த உப்பளங்கள். உப்பளத்தில் வேலை நடக்கும் காலத்தில் விடியற்காலையில் அங்கே நிற்பது மறக்க முடியாத அனுபவம். ஆனால் தங்குமிடத்துக்குச் சாயல்குடிக்கோ கீழக்கரைக்கோ திரும்ப வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர் பேருந்துக்காகக் காத்திருந்தே பாதி நாளைச் செலவிடுவார். வண்டி உள்ளவர்கள் கீழக்கரையில் தங்கிக்கொண்டு ஒரு நாள் போய்வரலாம். திரும்பும்போது சாயல்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம்.

மிஞ்சுவது தொண்டியும் கீழக்கரையும். இரண்டும் பழைய துறைமுகங்கள். இரண்டிலும் முஸ்லிம் மக்கள் மிகுதி. இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பவை. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் தங்கிப் பார்த்தால் இவை இரண்டு வேறு உலகங்கள்.

தொண்டி, கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடியும் ஊர். மேற்குக் கடலில் புறப்பட்ட சாலை கிழக்குக் கடலில் வந்து நிற்கிறது என்பது வரைபடத்தில் பார்க்கப் பெரிதாக இருக்கும். நேரில் பார்த்தால் ஒரு பேருந்து நிலையமும் சில கடைகளும்தான். சங்கப் பாடல்களின் நினைவோடு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: அந்தப் பாடல்களில் மிகுதியாகப் பேசப்படும் தொண்டி மேலைக் கடற்கரையிலிருந்த சேரர் பட்டினம். இந்தத் தொண்டிக்கு அந்தப் புகழைக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. இதன் சிறப்பு சுற்றுப்புறத்தில் இருக்கிறது.

முதலில் கடலைப் பற்றி. மணல் வெளியும் அலையும் எதிர்பார்த்துத் தொண்டிக்கு வரக் கூடாது. கரை தாழ்வானது, பல இடங்களில் சேறு. தண்ணீருக்கடியில் கடற்புல் வெளிகள் பரந்து கிடப்பதால்தான் நண்டும் இறாலும் இங்கே செழிக்கின்றன. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு இந்தக் கடலில் வாழ்வதும் அதனால்தான். தொண்டிக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கரையையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அழகப்பா பல்கலைக்கழகம் தன் கடலியல் துறையைத் தொண்டியில் வைத்திருப்பதற்கும் இந்தக் கடலின் வளமே காரணமாக இருக்க வேண்டும். கடற்பசுவைப் பார்த்துவிடலாம் என்று யாரும் நம்பி வர வேண்டாம். ஆனால் தெற்கே காரங்காட்டில் வனத்துறை நடத்தும் படகுப் பயணத்தில் அலையாத்திக் காட்டின் கால்வாய்களுக்குள் போய்வர முடியும். பறவைகளும், மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு நிற்கும் காட்சியும், ஊர்க்காரர்களே உடன்வருவதும் சேர்ந்து, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்தக் கரையில் இதற்கு ஈடான அரை நாள் வேறில்லை. காற்று மிகுந்த நாளில் படகு விடமாட்டார்கள். முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பினால் திருவாடானை. ஞானசம்பந்தர் பாடிய ஆதிரத்தினேசுவரர் கோயிலின் கோபுரம் வயல்களுக்கு மேலே தொலைவிலிருந்தே தெரியும். இன்னும் வடக்கே பாம்பாற்றங்கரையில் ஓரியூர். அருளானந்தர் என்று தமிழ்ப் பெயர் கொண்ட கிறித்தவ மதகுரு ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அங்குள்ள மண்ணின் சிவப்பை அவருடைய குருதியாகவே பக்தர்கள் கருதுகிறார்கள். தெற்கே உப்பூரில் வெயிலுகந்த விநாயகர். ராமநாதபுரம் வழியாக வருகிறவர் ஆர்.எஸ். மங்கலம் சாலையைப் பிடித்து, பங்குனி வாக்கில் வந்தால், களங்களில் முண்டு மிளகாய் சிவக்கச் சிவக்கக் காய்வதைப் பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே மிளகாய்தான். இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தொண்டியின் நல்லவை எல்லாம் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. ஊருக்குள் ஒரு மாலையை மட்டும் கழிக்கலாம். இரண்டாவது மாலை தேடினாலும் புதிதாக எதுவும் அகப்படாது.

கீழக்கரை நேர் எதிர். அங்கே ஊர்தான் காட்சி. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில், திருப்புல்லாணியைத் தாண்டி, பனையும் சீமைக்கருவேலும் மாறிமாறி வரும் சாலையில் போனால், திடீரென்று உயர்ந்த வீடுகளும் குறுகிய தெருக்களும் உள்ள ஒரு பட்டினம் எதிர்ப்படும். முத்தும் சங்கும் கப்பலும் கொண்டு வளர்ந்த முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களின் ஊர். பிற்காலத்தில் இலங்கை, மலேயா, வளைகுடா நாடுகள் என்று அந்த வணிகம் திசை மாறியதே தவிர, கடல் கடந்து போய் ஈட்டி ஊரில் வீடு கட்டும் வழக்கம் மாறவில்லை. அதனால் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும், பக்கத்திலேயே நெரிசலான தெருக்களும் சேர்ந்திருப்பதைக் காணலாம்.

பழைய ஜும்ஆ பள்ளிவாசல் ஒன்றுக்காக மட்டுமே கீழக்கரைக்கு வரலாம் என்பது என் கருத்து. கல்தூண்களும் கல்விதானமும் கொண்டு முழுவதும் திராவிடக் கட்டட முறையில் எழுந்த பள்ளி அது. பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண், உருவங்கள் இல்லாமல் பூவும் கொடியும் மட்டுமே செதுக்கப்பட்ட அந்தத் தூண்களைப் பார்க்கையில், ஒரே கைவினை மரபு இரண்டு வழிபாடுகளுக்கும் உழைத்திருப்பதை உடனே அறிந்துகொள்ளும். உள்ளே போவதற்குப் பள்ளிவாசலில் இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்க்க வேண்டும். அடக்கமான உடையில் போக வேண்டும்.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியின் சீதக்காதி இந்த ஊர்க்காரர். ஷேக் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட இந்த வணிகர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமாக இருந்தவர். ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டதும் அதே சேதுபதியின் காலத்தில்தான். வடகரையில் ஒரு சமயகுரு உயிரிழந்த அதே ஆட்சியில் தென்கரையில் ஒரு மரைக்காயர் அரசவையின் செல்வாக்கோடு தமிழ்ப் புலவர்களைப் புரந்தார் என்பதை, இரண்டு ஊருக்கும் போகிறவர் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

கடல் என்று பார்த்தால் கீழக்கரையும் குளிக்கும் கடற்கரை அன்று. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஏழு இந்த ஊரின் எதிரேயுள்ள தொகுதியைச் சேர்ந்தவை. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. மாலையில் துறைப் பக்கம் போய்க் காற்று வாங்கலாம். தீவுகளில் அனுமதியின்றி இறங்குவது சட்டப்படி குற்றம்; யாராவது கூட்டிப்போவதாகச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால், நினைவுப்பொருளாகப் பவளத் துண்டு வாங்குவதும் வம்பில் முடியும். வாங்குவதற்குத் தொதல் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் நெடுநேரம் கிண்டிச் செய்யும் இந்த இனிப்பு, கடல் கடந்த உறவுகளின் வழியாக இந்த ஊருக்கே உரியதாகிவிட்டது. நோன்பு மாதத்தில் பகல் வேளையில் உணவகங்கள் பல மூடியிருக்கும். பிற்பகல் தொழுகையான அஸ்ருக்குப் பின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்க வரிசை நிற்கும்போது ஊரின் முகமே வேறு.

கீழக்கரையிலிருந்து போய்வரக்கூடியவையும் குறைவல்ல. திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ராமர் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட கோலம் அங்குண்டு. அதற்குத் தெற்கே சேதுக்கரை. உள்நாட்டில் மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய உத்தரகோசமங்கை, மார்கழித் திருவாதிரையை ஒட்டிய நாள் தவிர ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராசரோடு. தை, மாசியில் வருகிறவர்களுக்குக் கண்மாய்கள் கூடுதல் லாபம். அந்த ஆண்டு மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால், மேலச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூடுகட்டியிருக்கும். பின்னவை இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. மழை பொய்த்த ஆண்டில் அங்கே வெடித்த மண்தான் இருக்கும். உள்ளூரில் விசாரிக்காமல் போகக் கூடாது.

வந்து சேர்வதில் கீழக்கரைக்கே வசதி அதிகம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ராமநாதபுரத்தில் இறங்கலாம். அங்கிருந்து கீழக்கரைக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. தொண்டிக்கு ரயில் இல்லை. மதுரைக்காரர்களுக்கு நேர்ச் சாலை இருப்பதால் அவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்கி அங்கிருந்து பேருந்தில் வர வேண்டியிருக்கும். இரண்டு ஊரிலும் தங்கும் விடுதிகள் சிலவே, எளியவையே. முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் அறையை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். திருப்தி இல்லையென்றால் கீழக்கரைக்கு வருகிறவர் ராமநாதபுரத்திலேயே தங்கிப் போய்வரலாம். தொண்டிக்கு அந்த மாற்று வழி கிடையாது. ராமநாதபுரம் அங்கிருந்து 50 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. தண்ணீர் இந்த மாவட்டத்தில் எப்போதும் அருமையான பொருள் என்பதை எங்கே தங்கினாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, முடிவு இப்படி அமைகிறது. சொந்த வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள குடும்பம், ஆடி, ஆவணியில் வர முடியுமானால் தொண்டிக்குப் போகட்டும். காரங்காட்டு அலையாத்திகளும் அடங்கிய கடலும் அவர்களுக்குக் கிடைக்கும், வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேருந்தை நம்பி வருகிறவர்களும், தனியாக வருகிறவர்களும், பழைய தெருக்களில் நடப்பதைக் கடலில் நனைவதைவிட மேலாக எண்ணுகிறவர்களும் தை, மாசியில் கீழக்கரைக்குப் போகட்டும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால் நான் சொல்வது கீழக்கரை. நான் முதலில் சொன்ன அளவுகோலில் இரண்டும் தேறினாலும், ஊரை விட்டு நகராமலே மூன்று நாள் இருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஒரே இரவுதான் கையில் இருக்கிறது என்றால் கீழக்கரையில் தங்க வேண்டாம். காலை ரயிலில் ராமநாதபுரம் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டு, பகல் வெயிலில் ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்து, மூன்று மணிக்குமேல் கீழக்கரைப் பேருந்து ஏறினால், பள்ளிவாசலுக்கும் துறைக்கும் கடைத்தெருவுக்கும் நேரம் இருக்கும். இரவு திரும்பிவிட்டு, மறுநாள் காலை திருப்புல்லாணிக்கு மட்டும் போய்வந்தால், பகலில் மதுரைக்குப் போகும் வண்டியைத் தவறவிடாமல் பிடிக்கலாம்.